யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் இசையமைக்கக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீபோர்டு ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள், யமஹா டிஎக்ஸ்7 அல்லது அதே முறையில் இயங்கும் மென்பொருள் கைக்கு வந்ததும், அதில் சொந்தமாக எதையாவது உருவாக்க முடியாமல் திகைத்து நிற்பது வழக்கம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கருவியை வாங்குவது, பழுது நீக்குவது ஆகியவை பற்றி இதில் பேசவில்லை.

கடினமானது என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கருவியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

1983-இல் இது வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 1,995 டாலர்; ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. அதுவரை பலரும் பழகியிருந்த அனலாக் சின்த்களின் முகப்பு முழுவதும் குமிழ்கள் நிறைந்திருக்கும். எதைத் திருகினால் ஒலி எப்படி மாறுகிறது என்பதைக் கையும் காதும் சேர்ந்தே கற்றுக்கொள்ளும். டிஎக்ஸ்7-இலோ தட்டையான பொத்தான்களும், மதிப்புகளை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடரும், வரிக்கு 16 எழுத்து வீதம் இரண்டே வரி காட்டும் சிறு திரையும்தான் இருந்தன. ஆகவே வாங்கியவர்களில் மிகப் பலர் உள்ளே வந்த சவுண்டுகளை மட்டுமே வாசித்தார்கள்.

ஆனாலும் இசையமைக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பயன்தரும் கருவிகள் குறைவு என்பது என் உறுதியான கருத்து. இதில் விரல் விழும் வேகம், ஒலியின் அளவோடு அதன் தொனியையும் மாற்றுகிறது. மெல்லத் தொட்டால் உருண்டையாகக் கேட்கும் அதே சுரம், அழுத்தி வாசித்தால் உலோகம் அதிர்வதுபோல் கூர்மையாக எழும். எனவே நீங்கள் எழுதும் மெட்டில் எந்தச் சுரம் எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பதும் இசையமைப்பின் பகுதியாகிவிடுகிறது.

மூலக் கருவி என்னிடம் இல்லை. அது இல்லாமல் கற்க முடியுமா?

தாராளமாக முடியும். டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. டிஎக்ஸ்7-க்காக உருவாக்கப்பட்ட சவுண்டுக் கோப்புகளை அப்படியே திறக்கிறது. ஒலியை உருவாக்கும் ஆறு ஆபரேட்டர்களும் ஒரே திரையில் கண்ணெதிரே இருப்பதால் தொடக்கநிலையில் மூலக் கருவியைவிட இதுவே எளிது. விரலின் வேகத்தை உணரும் மிடி கீபோர்டு (வாசிப்பைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். கணினி மவுஸால் சுரங்களைப் புள்ளி வைத்து எழுதினால் இந்த ஒலிமுறையின் உயிரே தெரியாமல் போய்விடும்.

டிஎக்ஸ்7 ஒலியை உருவாக்கும் எஃப்எம் (அதிர்வெண் பண்பேற்றம்) முறை என்பது காதுக்கு என்ன செய்கிறது? கணிதம் தெரிந்திருக்க வேண்டுமா?

கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும். 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர், கணினியில் உருவாக்கிய ஒலியை மேலும் கீழும் அசைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். நொடிக்கு ஐந்தாறு முறை அசைத்தால் அது நமக்குப் பழக்கமான வைப்ரேட்டோ. அசைவின் வேகத்தை நொடிக்கு நூறு, இருநூறு முறை என்று உயர்த்தியபோது அசைவு கேட்பது நின்று, முற்றிலும் புதிய தொனி ஒன்று கேட்டது. அந்தக் கண்டுபிடிப்பின் உரிமத்தைத்தான் யமஹா 1970-களில் பெற்றது.

டிஎக்ஸ்7-இல் ஆறு ஆபரேட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் எளிய சைன் அலை ஒன்றைத் தருகிறது. நம் காதுக்கு நேரே வரும் ஆபரேட்டர் கேரியர். அதை அசைக்கும் ஆபரேட்டர் மாடுலேட்டர். எது எதை அசைக்க வேண்டும் என்பதற்கான 32 இணைப்பு முறைகளை அல்காரிதம் என்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். கேரியர் நொடிக்கு 200 அதிர்வு, மாடுலேட்டரும் 200 என்று வைத்துக்கொள்வோம். கேரியரோடு மாடுலேட்டரின் மடங்குகளைக் கூட்டினால் 400, 600, 800 என்று வரிசையாகக் கிடைக்கும். கம்பியை வில்லால் இழுத்ததுபோன்ற நிறைவான ஒலி அது. மாடுலேட்டரை 400 ஆக்கினால் 200, 600, 1000 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் எழும். அது கிளாரினெட்டை நினைவூட்டும் குழல் தன்மையுள்ள ஒலி. மாடுலேட்டர் 282 என்றால் 482, 764 என்று கூட்டலிலும், 82, 364 என்று கழித்தலிலும் ஒன்றோடொன்று எளிய விகிதத்தில் பொருந்தாத அதிர்வுகள் வருகின்றன. இதுதான் மணி ஒலி. முழு எண் விகிதம் என்றால் சுருதி தெளிவாக நிற்கும், பின்ன விகிதம் என்றால் மணியும் உலோகமும் கலந்து வரும் என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால், பாதித் தூரம் கடந்தவர் ஆகிறீர்கள்.

இத்தனை எண்களில் எங்கிருந்து தொடங்குவது?

ஃபங்ஷன் நிலையில் உள்ள ‘வாய்ஸ் இனிட்’ கட்டளையிலிருந்து தொடங்குங்கள். அது எல்லா மதிப்புகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, முதல் ஆபரேட்டரின் சைன் அலையை மட்டும் ஒலிக்க விடும். அப்போது இருப்பது அல்காரிதம் 1; அதில் இரண்டாம் ஆபரேட்டர் முதல் ஆபரேட்டரை அசைக்கிறது. ஆகவே வேறெதையும் தொடாமல், ஒரு சுரத்தை விட்டுவிட்டு வாசித்தபடியே இரண்டாம் ஆபரேட்டரின் அவுட்புட் லெவலைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

முதல் ஐம்பது படிகள் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. அறுபதைத் தாண்டும்போது ஒலியில் வெளிச்சம் கூடும். எழுபதுக்கு மேல் பித்தளை வாத்தியத்தின் சாயல் தோன்றும். தொண்ணூறுக்கு மேல் கரகரப்பு. இந்த அளவுகோலில் எட்டுப் படி ஏற்றினால் அசைவின் ஆழம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதனால்தான் கீழ்ப்பகுதியில் பத்துப் படி மாற்றம் காதில் விழுவதில்லை, மேல்பகுதியிலோ மூன்று படியே ஒலியைப் புரட்டிப்போடுகிறது.

அடுத்து, அந்த ஆபரேட்டரின் அதிர்வெண் விகிதத்தை 2, 3, 7, 14 என்று மாற்றிப் பாருங்கள். கோர்ஸ் மதிப்பை 2 என்றும் ஃபைன் மதிப்பை 75 என்றும் வைத்தால் விகிதம் 3.50 ஆகும், உடனே மணி கேட்கும். பிறகு அதே ஆபரேட்டரின் கீ வெலாசிட்டி சென்சிடிவிட்டியை (விரலின் வேகத்துக்கு அது எவ்வளவு இசைகிறது என்பதை) சுழியிலிருந்து ஐந்துக்கோ ஆறுக்கோ உயர்த்தி, ஒரே சுரத்தை மென்மையாகவும் வன்மையாகவும் மாறி மாறி வாசியுங்கள். இந்த இரண்டே ஆபரேட்டர்களிலிருந்து பல வாரங்களுக்குத் தேவையான இசை கிடைக்கும். மற்ற நான்கையும் தொட அவசரம் வேண்டாம்.

ஒலி அமைப்பதை முழுவதும் கற்றுக்கொண்ட பிறகு இசையமைக்கத் தொடங்குவதுதானே முறை?

இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்தமாகவே விடை சொல்ல விரும்புகிறேன். ஒரு சவுண்டுக்குள் மாற்றக்கூடிய மதிப்புகள் 140-க்கும் மேல். அனைத்தையும் கற்று முடித்த பிறகு இசை என்று நினைப்பவர், பெரும்பாலும் சவுண்டுகளின் சேகரிப்பாளராகவே நின்றுவிடுகிறார். அவரிடம் அருமையான சவுண்டுகள் நூறு இருக்கும், முடிந்த இசை ஒன்றுகூட இருக்காது.

மாறாக, புதிதாக ஒரு மதிப்பின் தன்மை புரிந்த அன்றே, அதை மட்டும் நம்பி எட்டு அளவு (தாளத்தின் ஒரு சுற்றான ‘பார்’) நீளமுள்ள சிறிய இசைத்துண்டு ஒன்றை எழுதுங்கள். வெலாசிட்டியைப் புரிந்துகொண்ட அன்று, நான்கு சுரமுள்ள ஒரே சொற்றொடரை எட்டு முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் அழுத்தம் வேறு சுரத்தில் விழும்படி செய்யுங்கள். மெட்டு மாறவே இல்லை. ஆனால் கேட்பவருக்கு அது எங்கோ நகர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். ஃபீட்பேக்கை, அதாவது ஓர் ஆபரேட்டர் தன்னையே அசைப்பதைப் புரிந்துகொண்ட அன்று, அதைச் சுழியில் வைத்து ஒரு பகுதியும் ஆறில் வைத்து மறுபகுதியும் எழுதுங்கள். துண்டு நன்றாக அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முடிய வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். ஒரு மதிப்பு எதற்காக இருக்கிறது என்பது, அது ஒரு மெட்டில் வேலை செய்வதைக் கேட்கும்போதுதான் மறக்காதபடி பதிகிறது.

ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ இந்தக் கருவியைப் பல ஆண்டுகள் விடாமல் வைத்துக்கொண்டு தனக்கான சவுண்டுகளைத் தானே உருவாக்கி இசையமைத்தவர். அவருடைய மெதுவான, நீண்டு ஒலிக்கும் இசைக்கும் இந்த ஒலிமுறைக்கும் உள்ள பொருத்தம், அடுத்த விடையைப் படித்தால் விளங்கும்.

என்வலப்பின் எட்டு எண்களை இசையமைப்போடு எப்படி இணைப்பது?

என்வலப் என்பது காலப்போக்கில் ஓர் ஆபரேட்டரின் அளவு ஏறி இறங்கும் விதம். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் அதில் நான்கு வேகங்களும் நான்கு நிலைகளும் உண்டு. விரல் கட்டையில் விழுந்ததும் ஒலி முதல் வேகத்தில் முதல் நிலைக்கும், பிறகு இரண்டாவதற்கும், அதன்பின் மூன்றாவதற்கும் செல்கிறது. விரல் எடுக்கும்வரை மூன்றாம் நிலையில் நிற்கிறது. எடுத்ததும் நான்காம் நிலைக்குப் போகிறது. வேகத்தில் 99 என்பது மிக விரைவு, 0 என்பது மிக மெதுவு. கேரியரின் நான்காம் நிலை சுழியாக இல்லாவிட்டால் விரலை எடுத்த பிறகும் ஒலி ஓயாது; புதியவர்கள் கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்படும் இடம் இது.

கேரியரின் என்வலப் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. மாடுலேட்டரின் என்வலப்போ, காலம் செல்லச் செல்லத் தொனி எப்படி மாறுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இசையமைப்பாளர் கவனமெல்லாம் வைக்க வேண்டியது இந்த இரண்டாவதில்தான்.

ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) அழுத்தினால் இருண்ட ஒலியாகத் தொடங்கி ஆறு நொடிகளில் மெல்ல வெளிச்சம் பெறும்படி மாடுலேட்டரை அமைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். உங்கள் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 72 அடி. ஓர் அடிக்கு 0.83 நொடி, நான்கு அடி கொண்ட ஓர் அளவுக்கு 3.3 நொடி. அளவுக்கு ஒரு கார்டு என்று மாற்றிக்கொண்டே போனால், நீங்கள் உழைத்து உருவாக்கிய அந்த வெளிச்சம் ஒருமுறைகூடக் கேட்காது. பாட்டு முழுவதும் மங்கலாகவே இருக்கும். ‘சவுண்டு தனியாக நன்றாக இருக்கிறது, பாட்டில் எடுபடவில்லை’ என்று வருந்துகிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். தீர்வு இரண்டு: கார்டை இரண்டு அளவுக்கு, அதாவது 6.7 நொடிக்கு நீட்டலாம். அல்லது மாடுலேட்டரின் முதல் வேகத்தை உயர்த்தி, வெளிச்சம் மூன்று நொடிக்குள் வந்துசேரும்படி செய்யலாம். நான் எப்போதும் முதலாவதையே முயன்று பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அப்போது கருவியின் இயல்பு உங்களை வழக்கத்துக்கு மாறான ஓர் இசைக்கு இட்டுச்செல்கிறது. ஒரு கார்டு நீண்டு நிற்கும் அந்த நேரத்தில் மேலே ஒற்றைச் சுரம் ஒன்று போதும் என்பதும், பேஸ் எங்கே நுழைய வேண்டும் என்பதும் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

உள்ளே வரும் பிரீசெட்டுகளைப் பயன்படுத்துவது தவறா?

தவறே இல்லை, ஆனால் அவற்றைத் திறந்து பாருங்கள். எடிட் நிலையில் முதல் ஆறு பொத்தான்கள் ஆறு ஆபரேட்டர்களையும் தனித்தனியே அணைக்கவும் ஏற்றவும் பயன்படுகின்றன. 1980-களின் பாடல்களில் எங்கும் ஒலித்த ‘இ.பியானோ 1’ சவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது அல்காரிதம் 5-இல் அமைந்தது. மூன்று கேரியர்களுக்கு மூன்று மாடுலேட்டர்கள். இரண்டாம் ஆபரேட்டரை அணைத்துவிட்டு வாசித்தால், தொடக்கத்தில் வரும் கண்ணாடி தட்டியது போன்ற அந்த ‘டிங்’ மறைந்துபோகும். அதன் விகிதம் 14. அதாவது அந்த ‘டிங்’ அடிச்சுரத்துக்கு வெகு மேலே எழுந்து உடனே அடங்கும் அதிர்வு. அதன் லெவலைச் சில படிகள் குறைத்து, விகிதத்தை 14-லிருந்து 9 ஆக்கினாலே, ஒருவருக்கும் சட்டென அடையாளம் தெரியாத வேறொரு பியானோ உங்களுடையதாகிவிடும். இப்படி ஒரு பிரீசெட்டை முழுதாகப் பிரித்துக் கேட்பது, நூறு பிரீசெட்டுகளை மேலோட்டமாக ஓட்டிப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

ஒற்றைச் சுரமாக இனிக்கும் சவுண்டு, கார்டு வாசித்தால் கலங்கிவிடுவது ஏன்?

பெரும்பாலும் பின்ன விகிதம்தான் காரணம். மணி ஒலியின் ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் பொருந்தாத அதிர்வுகள் பல இருக்கின்றன. மூன்று சுரத்தைச் சேர்த்து அழுத்தினால் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அத்தகைய சவுண்டுக்குக் கார்டு எழுதாதீர்கள். ஒற்றைச் சுரங்களை இடைவெளி விட்டு எழுதுங்கள், அல்லது எட்டாம், ஐந்தாம் சுரம் போன்ற அகன்ற இணைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்டுகளை முழு எண் விகிதமுள்ள, மாடுலேஷன் குறைந்த சவுண்டுக்குக் கொடுங்கள்.

மேல் ஸ்தாயியில் காது கூசுகிறது, என்ன செய்வது?

மாடுலேட்டருக்குக் கீபோர்டு லெவல் ஸ்கேலிங் (கட்டையின் இடத்துக்கேற்ப லெவலை மாற்றும் வசதி) அமையுங்கள். ஒரு கட்டையைப் பிரிவுப் புள்ளியாக வைத்து, அதற்கு மேலே போகப் போக மாடுலேட்டரின் லெவல் குறையும்படி செய்தால் கூச்சம் அடங்கும். கேரியரில் இதைச் செய்தால் ஒலியளவுதான் குறையும், கூர்மை போகாது.

கர்நாடக இசை கற்றவன் நான். இதில் ராகத்தைக் கையாள முடியுமா?

முடியும், ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். கருவியை ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் மோனோ நிலைக்கு மாற்றி, ஃபிங்கர்டு போர்ட்டமென்டோவைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் மட்டும் ஒலி வழுக்கிச் செல்லும். விட்டு அழுத்தினால் நேராக நிற்கும். மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிச் சென்று, தைவதத்தை நேராகத் தொடுவது போன்ற பிடிகளை இதில் நிறைவாக வாசிக்கலாம். அசைவுகளுக்குப் பிட்ச் பெண்ட் சக்கரத்தை இரண்டு அரைச்சுர எல்லைக்குள் வைத்து, கையாலேயே அசையுங்கள். எல்எஃப்ஓ (தானாக ஒலியை மெதுவாக அசைக்கும் பகுதி) தரும் வைப்ரேட்டோ ஒரே சீராக ஆடும். கமகத்தின் ஏற்ற இறக்கத்தில் ஒவ்வோர் அசைவும் வேறு என்பதால் அது இதற்கு ஈடாகாது. மூலக் கருவியில் மூச்சால் இயக்கும் பிரெத் கண்ட்ரோலருக்கும் இணைப்பு உண்டு. குழல் இசைக்கிறவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

தோடி போல ஒவ்வொரு சுரமும் அசைவிலேயே உயிர்வாழும் ராகத்தை முதலில் எடுத்தால் சோர்வுதான் மிஞ்சும். நேராக நின்றாலும் முகம் தெரியும் ராகங்களிலிருந்து தொடங்குங்கள். 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங், ரோலண்டின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று மின்னணு இசைக்கருவிகளையும் கொண்டு ராகங்களை டிஸ்கோ தாளத்தின் மேல் வாசித்துப் பதிவு செய்தார். சீரான தாளம், திரும்பத் திரும்ப வரும் பேஸ், அவற்றின் மேல் ஓடும் சுரவரிசை என்று கருவிகளுக்கு இயல்பானதை அவை செய்ய விட்டதே அந்தப் பதிவின் வலிமை. வீணையைப் போலிசெய்ய டிஎக்ஸ்7-ஐ வற்புறுத்துவதைவிட, ஒரு சுரம் நிற்கும்போது அதன் தொனி மெல்ல மாறுவதை ராகத்தின் அழகுக்குப் பயன்படுத்துவது மேலான வழி.

எட்டு அளவு எழுதியதும் அதே சுழன்று சுழன்று வருகிறது, பாட்டாக வளரவில்லை. ஏன்?

புதிய பகுதி என்றால் புதிய மெட்டும் புதிய சவுண்டும் வேண்டும் என்று நினைப்பதால்தான். இந்தக் கருவியில் அதற்குத் தேவையே இல்லை. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் பகுதியில் மாடுலேட்டர் லெவலை 62-இலும் இரண்டாம் பகுதியில் 78-இலும் வைத்துப் பாருங்கள்; அசைவின் ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்கு கூடி, அதே மெட்டு வேறொருவர் பாடுவதுபோல் கேட்கும். மூன்றாம் பகுதியில் மாடுலேட்டரை அறவே அணைத்து, வெறும் சைன் அலையில் மெட்டின் பாதியை மட்டும் வாசியுங்கள். இந்த மூன்றையும் தொடர்ந்து பதிவு செய்து கேட்டால் பாட்டின் உருவம் தென்படும். எங்கே குறை என்பதும் அப்போதுதான் தெரியும்; பெரும்பாலும் அது முதல் பகுதி நீளமாக இருப்பதே.

ரீவெர்ப், டிலே எவ்வளவு சேர்க்கலாம்?

மூலக் கருவியில் எதிரொலி போன்ற எஃபெக்ட் எதுவும் கிடையாது, அவுட்புட்டும் ஸ்டீரியோ அல்ல, மோனோ. பழைய பதிவுகளில் கேட்கும் விசாலம் எல்லாம் வெளியிலிருந்து சேர்த்தது. சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் மெட்டையும் என்வலப்புகளையும் உலர்ந்த ஒலியிலேயே முடிவு செய்துவிட்டு, கடைசியில் சேர்ப்பது நல்லது. முன்பே சேர்த்துவிட்டால் ஒலி எங்கே முடிகிறது என்பது காதுக்குத் தெரியாது.

செய்த சவுண்டுகளை எப்படிப் பாதுகாப்பது?

உள் நினைவகத்தில் 32 இடங்கள்தான். கருவிக்கு மின்சாரம் கொடுக்கும்போதெல்லாம் மெமரி புரொடெக்ட் (நினைவகப் பூட்டு) தானாகவே இயங்கத் தொடங்குவதால், சேமிப்பதற்கு முன் அதை அணைக்க வேண்டும். நினைவகத்தைக் காப்பது உள்ளே இருக்கும் சிறு பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே மிடி வழியாகக் கணினிக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். சவுண்டோடு எந்தப் பாட்டுக்காகச் செய்தீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

ஒரே கருவியை வைத்து பேஸ், கார்டு, மெட்டு என்று முழுப் பாட்டையும் எப்படிப் பதிவு செய்வது?

ஒரே நேரத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும் என்றாலும், அவை அனைத்தும் ஒரே சவுண்டில்தான் ஒலிக்கும். வாசித்ததைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் சீக்வென்சரும் உள்ளே இல்லை. எனவே பலதடப் பதிவு மென்பொருள் ஒன்றில் மெட்ரோனோமை ஓடவிட்டு, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வாசித்துச் சேர்க்க வேண்டும். முதலில் பேஸை வாசிக்க வேண்டும் என்பது பலரின் பழக்கம். தொனி மெதுவாக மாறும் கார்டுகள் உள்ள பாட்டில் அவற்றையே முதலில் பதிவு செய்யப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அவை வெளிச்சம் பெறும் இடங்களைக் கேட்டுத்தான் பேஸும் மெட்டும் நுழைய வேண்டும். சுரங்களை மிடியாகவும் ஒலியாகவும் சேர்த்தே பதிவு செய்துகொண்டால், பின்னாளில் மாடுலேட்டரை மாற்றி அமைத்துவிட்டு, அதே வாசிப்பைப் புதிய தொனியில் மீண்டும் ஒலிக்கச் செய்யலாம்.